"இவர்களிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தாய்?"

(பட்டதாரி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களப்பயணம் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் உதகையில் கைடாக வேலை பார்த்தவன் என்று இங்குள்ள சிலருக்குத் தெரியும். அதனால்தான் கேட்டிருப்பார்கள் என நினைக்கிறேன். எந்த இடத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகலாம், பேருந்துக்கு எப்படி அனுமதி வாங்குவது என்றெல்லாம் நான் பேசப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஓர் இடத்தையும் அங்கே வாழும் மனிதர்களையும் அடுத்தவருக்குக் காட்டும்போது நான் செய்த இரண்டு தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று கைடாக இருந்தபோது நடந்தது. மற்றொன்று ஆசிரியரான பிறகு நடந்தது.

நான் தோடர் சமூகத்தைச் சேர்ந்தவன். எங்கள் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டாயிரம்தான். தமிழ்நாட்டில் 'மிகவும் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ள பழங்குடிகள்' என்று அரசு வகைப்படுத்தியுள்ள சமூகங்கள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு சமூகத்தாரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். நம் மாவட்டத்துப் பள்ளிகளில் இவர்களில் ஏதாவது ஒரு சமூகத்துக் குழந்தை இல்லாத வகுப்பைப் பல இடங்களில் பார்க்க முடியாது. இன்றைய பேச்சும் அந்தக் குழந்தைகளைப் பற்றியதுதான்.

நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது ஒருநாள் எங்கள் ஆசிரியர், "தோடர்கள் எருமை வளர்த்து வாழ்ந்தார்கள்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். அன்று காலையில்தான் அப்பாவோடு நின்று எருமைக்குப் பால் கறந்துவிட்டு, இரண்டு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வந்திருந்தேன். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். 'வாழ்ந்தார்கள்' என்பதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் நல்ல ஆசிரியர். எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தவர். வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் அந்த இறந்தகால வினைமுற்று இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு நினைவிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் கைடு வேலைக்குப் போனேன். உதகையில் ஏப்ரல், மே மாதங்களைச் 'சீசன்' என்போம். மே மாதம் மலர்க்காட்சி நடக்கும். அந்த இரண்டு மாதச் சம்பாத்தியத்தில் ஓராண்டுக் கல்லூரிச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம். உரிமம் எதுவும் கிடையாது. தாவரவியல் பூங்கா வாசலில் நிற்க வேண்டும், வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு குழுவை நாள் முழுவதும் சுற்றிக்காட்டினால் கையில் ஐம்பது, நூறு கிடைக்கும். தைலக் கடைக்கும் சாக்லேட் கடைக்கும் அழைத்துப் போனால் கடைக்காரர் தனியாகக் கமிஷன் கொடுப்பார். உண்மையில் கமிஷன்தான் பெரிய வருமானம்.

வாசலில் எங்களைப் போல இருபது பேராவது நிற்பார்கள். படகு இல்லம், தொட்டபெட்டா, பைக்காரா என்று எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். எனக்குக் கூட்டம் சேர வேண்டுமானால் அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும். அது எது என்று இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்தேன். "வாங்க சார், ஆதிவாசிகளைப் பார்க்கலாம்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு வேன் வேனாக ஆள் வந்தார்கள். கூப்பிடுகிறவனே அந்தச் சமூகத்துப் பையன் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் கால்சட்டையும் ஸ்வெட்டரும் போட்டிருந்தேன். அவர்கள் தேடிவந்த ஆதிவாசி அப்படி இருக்க மாட்டானே!

வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பதும் மனப்பாடமாகிவிட்டது. "இவங்க பச்சையா சாப்பிடுவாங்களா?" என்பார்கள். நாங்கள் பரம்பரையாகவே சைவம். பாலும் மோரும் சோறும்தான் எங்கள் சாப்பாடு. "அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் ஒரே பொண்டாட்டியாமே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் எங்கள் முன்னோரிடம் இருந்தது உண்மை. இன்று அது இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னால் போதும். ஆனால் நான் இரண்டாவதைச் சொல்லாமல் விட்டுவிட்டுச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது.

மூன்றாவது கோடையில் வெளியூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து சுற்றுலாப் பேருந்து வந்தது. நாற்பது பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். அவர்களை எங்கள் மந்துக்கே அழைத்துப் போனேன். மந்து என்றால் எங்கள் குடியிருப்பு. வீடுகளெல்லாம் ஓட்டு வீடும் கான்கிரீட் வீடுமாக இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். படத்தில் பார்த்த, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற வளைந்த கூரை அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கோயில். எருமைப் பால் சார்ந்த சடங்குகள் நடக்கும் இடம். சுற்றிலும் கல் சுவர் இருக்கும். எங்கள் வீட்டுப் பெண்களே அந்தப் பக்கம் போக மாட்டார்கள். "இதுதான் ஆதிவாசி வீடு" என்று ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் திருத்தவில்லை. இரண்டு பையன்கள் சுவர்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

என் பாட்டி வாசலில் உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். தோளில் புத்துக்குளி. சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த எங்கள் வெள்ளைப் போர்வையின் பெயர் அது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஓர் ஆசிரியை, "பாட்டி, ஒரு பாட்டுப் பாடுங்க" என்றார். பாட்டி பாடவில்லை. ஒரு சிறுமி பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். மிருகக்காட்சிச் சாலையில் குரங்குக்கு நீட்டுவார்களே, அதுபோலக் கையை எட்டி நீட்டிவிட்டுச் சட்டென்று பின்வாங்கினாள். குழந்தையைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தோம்.

பாட்டி அந்த பிஸ்கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து எங்கள் மொழியில் ஒரு கேள்வி கேட்டார். தமிழில் சொன்னால், "இவர்களிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தாய்?" என்று வரும்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "பாட்டி என்ன சொல்றாங்க?" என்று ஆசிரியை கேட்டார். "உங்களையெல்லாம் வரவேற்கிறாங்க" என்று மொழிபெயர்த்தேன். நான் செய்த மோசமான மொழிபெயர்ப்பு அதுதான்.

அன்றிரவு பாட்டி என்னைத் திட்டவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் போனேன். பணம் வேண்டுமே. ஆனால் கூப்பிடும் வார்த்தையை மாற்றினேன். "நான் தோடர். இந்த மலை எங்க ஊர். உங்களுக்குச் சுத்திக் காட்டட்டுமா?" என்றேன். முதலில் பத்தில் ஒருவர்தான் நின்றார். அந்த சீசனில் எனக்கு வருமானம் பாதியாகக் குறைந்தது. அதை மறைத்து, நல்லதைச் செய்தேன், உடனே நல்லது நடந்தது என்று உங்களிடம் கதை சொல்லக் கூடாது.

ஆனால் நின்றவர்களுக்குக் காட்ட என்னிடம் நிறைய இருந்தது. அதுவரை எனக்கே அது தெரியாது. உதாரணத்துக்கு ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்தக்கல் மந்து என்பதே ஆங்கிலேயர் வாயில் ஊட்டகமண்ட் ஆயிற்று என்பார்கள். அந்த 'மண்ட்' எங்கள் மந்துதான். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு வந்தார். எங்கள் முன்னோரிடம் நிலம் வாங்கிக் கல் பங்களா கட்டினார். அந்தக் கல் பங்களா இன்று உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நான் வரலாறு படித்தது அந்தக் கல்லூரியில்தான். மூன்று ஆண்டுகள் அந்தக் கட்டடத்தைக் கடந்து வகுப்புக்குப் போனேன். அது எங்கள் வரலாறு என்று எனக்குத் தோன்றியதே கைடு வேலையில்தான்.

'ஷூட்டிங் மேடு' என்று எல்லோரும் புகைப்படம் எடுக்கும் புல்வெளி இருக்கிறதல்லவா? அங்கே நின்று, "ஏன் மரமே இல்லாம மொட்டையா கிடக்கு?" என்று கேட்பார்கள். சற்றுத் தள்ளி இருக்கும் பைன் தோப்பைப் பார்த்து, "ஆகா, இதுதான் இயற்கை" என்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பைன், சீகை, தைல மரம் எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. சீகையும் தைல மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. இந்த மலையின் சொந்தச் சொத்து புல்வெளியும், மடிப்புகளில் அடங்கிக் கிடக்கும் சோலைக்காடும்தான். மழை நீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல ஓடையில் விடுவது இவை இரண்டும் சேர்ந்துதான். புல்வெளியில் மரத்தை நட்டதால் எங்கள் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம் குறைந்தது. கோயில் கூரை வேயும் புல் சதுப்பில் வளர்வது. சதுப்புகள் சுருங்கிவிட்டதால் இப்போது அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது.

இதை ஈரோட்டுக்காரர் ஒருவரிடம் சொன்னபோது, "அது உங்க பிரச்சினை, எங்களுக்கென்ன?" என்று கேட்டார். பைக்காரா ஆற்றைக் காட்டினேன். இது கீழே இறங்கி மாயாறாகிறது. மாயாறு பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. பவானி உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வருகிறது என்றேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு இறங்கிக் கைகால் கழுவினார். அவர் அடுத்த ஆண்டும் குடும்பத்தோடு என்னைத் தேடி வந்தார்.

பிறகு பி.எட். முடித்தேன். ஆசிரியர் பணி கிடைத்தது. கைடு வேலையில் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் பள்ளிக்குள் நுழைந்தேன். இனி இரண்டாவது தவறு.

கூடலூர் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தபோது ஆண்டு விழாப் பொறுப்பு என்னிடம் வந்தது. நிகழ்ச்சிப் பட்டியலில் 'ஆதிவாசி நடனம்' என்று ஒன்று இருந்தது. நம் பள்ளிகளில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இடுப்பில் இலை, முகத்தில் கரி, தலையில் இறகு, கையில் ஈட்டி, வாயில் 'ஹூ ஹூ'. ஒவ்வோர் ஆண்டும் ஆடுவதுதானே என்று நானும் கையெழுத்துப் போட்டேன். அதோடு நிற்கவில்லை. ஏழாம் வகுப்பில் பணியர் சமூகத்துப் பையன் ஒருவன் இருந்தான். துடி நன்றாக வாசிப்பான் என்று கேள்விப்பட்டிருந்தேன். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவனை எழுப்பி, "நீதான் முன்னாடி நிற்கணும். உங்க ஆட்டம்தானே?" என்றேன். அவனுக்குப் பெருமை சேர்ப்பதாகத்தான் நினைத்தேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சார், எங்க வீட்ல யாரும் இலை கட்டறதில்ல" என்றான்.

வகுப்பு சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒன்பது நாள் அவன் பெயருக்கு நேரே இல்லை என்று குறித்தேன். பணியர் குழந்தைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன். இந்த ஒன்பது நாளுக்கும் காரணம் நான்தான். பதிவேட்டில் அதை எழுத இடம் இல்லை.

பத்தாம் நாள் அவர்கள் பாடிக்குப் போனேன். பணியர் குடியிருப்பைப் பாடி என்பார்கள். அவனுடைய தாத்தா இருந்தார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்த மக்கள். எனக்கு உட்காரப் பாய் போட்டுவிட்டு அவர் திண்ணைக்குக் கீழே நின்றார். நான் எழுந்து நின்ற பிறகுதான் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், "துடி கேக்கணும்னா இங்க வாங்க சார். எங்க வீட்டு விசேஷத்துக்கு வாங்க. பையன் வாசிப்பான். அங்க எதுக்கு?" என்றார். எனக்குப் பாட்டியின் கேள்விதான் ஞாபகம் வந்தது. இருபது வயதில் என் வீட்டு வாசலில் கேட்ட அதே கேள்வியை இன்னொருவர் வாசலில் கேட்டேன்.

பையன் மறுவாரம் வந்தான். அந்த நடனத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஒத்திகை பார்த்திருந்த பிள்ளைகளுக்கும் சக ஆசிரியருக்கும் என்மேல் வருத்தம். அவர்களுக்கு வேறு பாட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்தோம்.

அவன் என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. ஒருநாள் அறிவியல் ஆசிரியர் விடுப்பு. அந்த வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன். வாழிடம் பற்றிய பாடம். நண்டு வளையைப் பற்றிப் பேச்சு வந்தது. "வளைக்குள்ள நண்டு இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று பொதுவாகக் கேட்டேன். யாரையும் எழுப்பவில்லை. அவனாகவே கையைத் தூக்கினான். வாய்ப்பக்கம் புதுச் சேறு ஈரமாக இருந்தால் உள்ளே இருக்கிறது, காய்ந்து வெடித்திருந்தால் இல்லை என்றான். எந்தப் பக்கமாகக் கையை விட வேண்டும், எப்படிப் பிடித்தால் கடிக்காது என்று கரும்பலகைக்கு வந்து படம் போட்டுக் காட்டினான். இருபது நிமிடம் பேசினான். அன்று அவனை யாரும் பணியர் பையனாகப் பார்க்கவில்லை. நண்டு பற்றித் தெரிந்தவனாகப் பார்த்தார்கள்.

இந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் பின்பற்றும் சில வழக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வினைமுற்றைக் கவனிக்கிறேன். "தோடர்கள் வாழ்ந்தார்கள்" என்று சொல்வதில்லை. "வாழ்கிறார்கள்" என்கிறேன். மாறிப்போன வழக்கமானால் "முன்பு இருந்தது, இன்று இல்லை" என்று இரண்டு பாதியையும் சொல்கிறேன். 'ஆதிவாசி' என்று பொதுவாகச் சொல்லாமல் அந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்கிறேன். தோடரும் பணியரும் ஒன்றல்ல. எங்கள் மொழியும் அவர்கள் மொழியும் வேறு. தொழிலும் வேறு.

இரண்டாவது, ஒரு குழந்தையைத் தன் சமூகத்தின் மாதிரியாக எழுப்பி நிறுத்துவதில்லை. பதினொரு வயதுக் குழந்தைக்குத் தன் இனத்தின் வரலாறு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கேள்வியை வகுப்புக்குப் பொதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சொல்ல விருப்பம் இருந்தால் குழந்தை சொல்லும்.

மூன்றாவது, களப்பயணத்தில் பழங்குடிக் குடியிருப்புக்குப் போவதானால் ஒரு வாரம் முன்பே நான் மட்டும் போய்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்கிறேன். எதைப் பார்க்கலாம், எங்கே போகக் கூடாது, படம் எடுக்கலாமா என்று அவர்களே சொல்லட்டும். வேண்டாம் என்றால் போவதில்லை. போனால், விளக்கம் சொல்லும் வேலையை அந்த ஊர்க்காரரிடமே விட்டுவிடுகிறேன். அவருடைய ஒரு நாள் கூலியைக் கணக்கிட்டுக் கொடுக்கிறேன். போகும் முன் வகுப்பிலேயே, "உங்க வீட்டுக்கு நாற்பது பேர் வந்தா எப்படி நடந்துக்கணும்னு நினைப்பீங்க?" என்று கேட்டு, பிள்ளைகள் சொல்வதைப் பட்டியலாக எழுதவைக்கிறேன். நான் போடும் விதிகளைவிட அவர்கள் எழுதும் பட்டியல் கடுமையாக இருக்கும்!

நான்காவது, வேடிக்கையாகக் காட்டப்படுவதைப் பாடமாக மாற்றப் பார்க்கிறேன். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பூத்தையலையே எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் பென்சில் கோடு போடாமல், இழையை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். சமச்சீர்மைக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடையாது. எமனோ என்ற மொழியியலாளர் 1930களில் இங்கே வந்து தங்கி எங்கள் பாடல்களைக் கேட்டு எழுதி, 1971இல் பெரிய நூலாக வெளியிட்டார். எங்கள் மொழிக்கு எழுத்து இல்லை. அதன் ஒலிகள் பலவற்றைத் தமிழ் எழுத்திலும் முழுதாக எழுத முடியாது. மொழிப்பாட வகுப்பில், "எழுத்தில்லாத மொழியை எப்படி எழுதலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அரைமணி நேரம் விடமாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே இருப்பவர்களில் பலர் கலைத் திருவிழாவுக்குக் குழுக்களைத் தயார் செய்வீர்கள். சிலர் நடுவராகவும் உட்காருவீர்கள். இலை கட்டிக் கரி பூசிய நடனம் மேடைக்கு வந்தால், அந்தப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். பயிற்சி கொடுத்த ஆசிரியரைத் தனியாக அழைத்து, இது எந்தச் சமூகத்தின் ஆட்டம், யாரிடம் கேட்டுக் கற்றீர்கள் என்று மட்டும் கேளுங்கள். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் ஒரு பையனுக்கு ஒன்பது நாள் வருகை கிடைத்திருக்கும்.

என் பாட்டி இப்போது இல்லை. அவர் தைத்த புத்துக்குளி வீட்டில் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் எங்கள் மந்துக்கு வருகிறார்கள். பெரியவர்களிடம் அனுமதி கேட்டாயிற்று. கோயில் சுவருக்கு இருபதடி முன்னால் எல்லோரும் நின்றுகொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் அத்தை மோர் தருவதாகச் சொன்னார்.